ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு வயது

ரேஷன் கார்டு வைப்பதற்காகக் கடைகளில் விற்பார்களே, அந்த அளவிலான பிளாஸ்டிக் உறை அது. ஓரமெல்லாம் மஞ்சளாகி, வாய்ப்பக்கம் கிழிந்து, ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலும் ஷெட்டு சார் எங்கள் ஸ்டூடியோவுக்கு வருவார். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்த உறையை எடுத்து, என் கீபோர்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைப்பார். உள்ளே அவருடைய பழைய புகைப்படம் ஒன்று இருக்கும். ஒன்றே ஒன்றுதான், அந்த வருஷத்துக்கானது. இந்த வருஷமும் அந்த உறை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அவர் இல்லை.

நான் ஆவடியில் ஒரு ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிறவள். ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் பக்கம் இறங்கினால், செல்போன் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே மாடிப்படி ஏறிப் போகவேண்டிய கடை. அம்பத்தூரில் டிடிபி படித்து முடித்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்தேன். நாற்காலிகள் மாறின, கம்ப்யூட்டர்கள் மாறின, நான் மட்டும் மாறவில்லை. என் வேலையில் முக்கால்வாசி கறுப்பை மாநிறமாக்குவதும் மாநிறத்தைச் சிவப்பாக்குவதும்தான். என் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள், ஆவடி, சேக்காடு வட்டாரத்தில் கறுப்பான ஒரு மாப்பிள்ளைக்குக்கூட இதுவரை கல்யாணம் ஆனதில்லை என்றுதான் நினைப்பார்கள். இதற்கெல்லாம் எனக்குக் கை கொடுப்பது சாஃப்ட் பிரஷ். நடுவில் கொஞ்சம் அழுத்தமாக இருந்து, ஓரத்துக்குப் போகப் போகக் கரைந்து ஒன்றுமில்லாமல் போகிற ஒரு வட்டம். அதன் அடர்த்தியை அடியோடு குறைத்து வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து இழுக்க வேண்டும். ஒரு தடவை இழுத்தால் ஒன்றும் தெரியாது. பொறுமையாகத் திரும்பத் திரும்ப இழுத்தால் பரு போயிருக்கும், தழும்பு போயிருக்கும், எங்கே கை வைத்தோம் என்று நமக்கே தெரியாது. அழிப்பதற்கென்றே உண்டான பிரஷ் அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதே பிரஷால் ஒரு முகத்துக்கு வயசு ஏற்றவும் முடியும் என்பது ஷெட்டு சார் வந்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்த்தவர் என்பதால் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் ஷெட்டு சார். முதல் தடவை மனைவியோடு வந்தார். அந்த அம்மா கழுத்தில் சிலுவை டாலர் போட்ட செயின், கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து எடுத்தது ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். நீலப் பின்னணியில் பள்ளிச் சட்டையோடு ஒரு பையன். மேல் உதட்டில் பூனைமயிர் மாதிரி மீசை, படத்தின் மூலையில் பள்ளி முத்திரையின் கால்வாசி. பிளஸ் டூ பரீட்சையில் இரண்டு பாடத்தில் பெயிலான பிறகு வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம், சொந்தக்காரர் வீடு எல்லாம் அதற்குள் முடிந்து இரண்டு வருஷம் ஓடியிருந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எல்லா ஊரிலிருந்தும் ஜனம் வரும் என்று, கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் அங்கேயே நின்று, வருகிறவர்களிடமெல்லாம் ஷெட்டு சார் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். யாரோ ஒருவர், பையனுக்கு இப்போது என்ன வயசு என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் அவரை எங்கள் மாடிப்படி ஏறவைத்தது.

"புள்ளைக்கு இப்ப பத்தொம்போது பாப்பா. படத்துல பதினேழுலயே நின்னுகினு கீறான். ரெண்டு வயசு ஏத்தித் தர முடியுமா?" என்றார்.

எனக்கு அப்போது அந்த வேலை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. குடும்பத்தில் யாராவது அதே ஜாடையில், அதே வயசில் எடுத்த படம் இருந்தால் கொண்டுவாருங்கள், பார்த்துக்கொண்டு செய்கிறேன் என்றேன். மறுநாள் தன்னுடைய அப்ரண்டிஸ் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். பத்தொன்பது வயசு ஷெட்டு சார், மொடமொடவென்று காலர் வைத்த சட்டையில் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. புருவம், மூக்கு, தாடை எல்லாம் அப்படியே அச்சு. மகனுடைய கண்ணைத் தொடவில்லை. அப்பாவின் படத்தில் தாடை எங்கே விரிந்திருக்கிறது, மூக்கோரத்துக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அதே இடத்தில் மகனுக்கு லேசாக நிழல் விட்டேன். பூனைமயிரை மீசையாக்கினேன். கன்னத்து எலும்புக்குக் கீழே சாஃப்ட் பிரஷால் பட்டும் படாமலும் இழுத்து, பிள்ளைச் சதையைக் குறைத்தேன். அவர் மூச்சுவிடாமல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கூட வந்திருந்த அம்மாவுக்கு, படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா இது, சோத்துக்கு இல்லாத புள்ள மாறி கீறான்? கன்னத்தக் கொஞ்சம் பூசினாப்புல பண்ணு."

"வெளிய கீற புள்ளைக்கு யாரு பார்த்துப் பார்த்துப் போடுவா? எளச்சித்தான் கீறான். எளச்ச மூஞ்சியப் போட்டாத்தான் பார்க்கறவனுக்கு அடையாளம் தெரியும்" என்றார் அவர்.

அதுவரைக்கும் அவரை "இன்னாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா சட்டென்று ஒருமைக்கு இறங்கினார். "நீ பேசாத. நீ பேசித்தான் அவன் போனான்."

நடந்ததை அம்மா என்னிடம் சொன்னார், ஷெட்டு சார் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே. ரிசல்ட் வந்த அன்றைக்கு மார்க் பேப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு, "இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத" என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லாத அப்பா யார்? எங்கள் அப்பா எனக்கும் என் தம்பிக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு அடுத்த வேளை சாப்பாட்டுக்கு எங்கள் எதிரிலேயே தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். இந்தப் பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். அதைக் கேட்டபிறகு எனக்குத் திரையைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அப்பாவின் முகத்தை எடுத்து அந்தப் பிள்ளைக்கு வைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அம்மா சொன்னபடியே கன்னத்தைப் பூசினாற்போல ஆக்கிக் கொடுத்தேன். அது கஷ்டமான வேலையே இல்லை, நான் தினமும் செய்கிற வேலை. கண்ணுக்குக் கீழே விட்டிருந்த கருமையை எடுத்தேன், நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்புகிற படம் மாதிரி வந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் திருப்தி. ஊரெல்லாம் பார்க்கப் போகிற படத்தில் பிள்ளை வாடித் தெரியக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம். எனக்குள் கோபம் கோபமாக வந்தது. தேடுகிறதுக்குத்தானே படம், அழகு பார்க்கவா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அன்றைக்கு அம்மா முன்னால் இறங்கிப் போனதும் ஷெட்டு சார் படிக்கட்டில் பாதியிலிருந்து திரும்பி வந்தார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "தப்பா நெனச்சிக்காத பாப்பா. அந்தப் படத்துக்கு முன்னால உக்காந்துதான் அவ ஜெபமாலை சொல்வா. எளச்ச மூஞ்சியப் பார்த்துகினு எப்பிடித் தூங்குவா, சொல்லு? கன்னம் இருக்கட்டும். எளச்ச மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கறேன்." அதற்குப் பிறகு அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் வருஷா வருஷம் நான் அந்தக் கன்னத்தை நிரப்பும்போதெல்லாம், இவனைத் தேடிப் பிடிக்க முடியாமல் செய்கிறேனோ என்ற பயம் மட்டும் போகவே இல்லை.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. ஆகஸ்ட் பிறந்தால் உறை வரும். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று மகனுடைய வயசுக்குச் சரியாகத் தன்னுடைய படத்தைத் தேடிக் கொண்டுவருவார். அது லேசான காரியமில்லை. இளவட்ட வயசில் தனக்கென்று போட்டோ எடுத்துக்கொள்ள அவருக்கு வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. பட்டாபிராமில் கூட வேலை பார்த்தவரின் தங்கை கல்யாண ஆல்பத்தில், பந்திக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நிற்கிற ஒரு படம். மாதா கோவில் நாடகத்தில் ரோமானியப் போர்வீரனாக வேஷம் கட்டிய ஒரு படம், அதில் பாதி முகத்தைத் தகரத் தொப்பி மறைத்திருக்கும். பழைய சிநேகிதர்கள் வீட்டுக்கெல்லாம் போய், உங்க ஆல்பத்துல நான் எங்கயாவது கீறேனா என்று கேட்டு வாங்கி வந்தவை. சில வருஷங்களுக்குப் படமே கிடைக்காது. அப்போது முந்தினதற்கும் பிந்தினதற்கும் நடுவே நாங்களே ஒரு முகத்தைக் கணக்குப் போட்டு எடுப்போம். "அந்த வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சி, அதப் போடாத" என்பார். ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க எத்தனையோ காரணம் இருக்கும். இவர் இதற்காகப் பார்த்தார்.

எங்கள் கடை வாசலில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. சீப்பும் பவுடர் டப்பாவும் அதன் கீழே பலகையில் இருக்கும். லேமினேட் செய்த அட்டையை நைலான் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்தக் கண்ணாடி முன்னால் நின்று நேராகத் தொங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு வேளாங்கண்ணிக்கு ரயில் ஏறிவிடுவார். சென்னையிலிருந்து காவி உடுத்தி நடந்தே போகிறவர்கள், கேரளாவிலிருந்து வருகிறவர்கள், மொட்டை போட வருகிறவர்கள் எல்லோரும் நடமாடுகிற வழியில் அந்த அட்டையோடு நிற்பார். திரும்பி வந்ததும் கடைக்கு வந்து நடந்ததைச் சொல்லாமல் இருக்கமாட்டார். ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார், பார்க்கிற ஜனமெல்லாம், இது நீங்க சின்ன வயசுல எடுத்த போட்டோவா, எதுக்குக் கழுத்துல மாட்டிகினு நிக்கிறீங்க என்று கேட்கிறார்களாம். இன்னொரு தடவை ஒருவர், இவ்வளவு செழிப்பா இருக்கிற பையன் எதுக்குங்க தெருவுல திரியப்போறான், எங்கயாவது நல்லாத்தான் இருப்பான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அதை அம்மாவிடம் சொன்னாராம், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷமாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் இதற்குப் போனிலேயே ஆப் வந்துவிட்டது. ஒரு படத்தைக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் கிழவனாக்கித் தரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மச்சினன் மகன் அப்படி ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறான். அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். சினிமாவில் வருகிற பணக்கார வில்லன் மாதிரி, பளிச்சென்ற பல்லோடு ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். "இது யாரு பெத்த புள்ள பாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். வேலை பறிபோகுமோ என்ற கவலையில் இருந்த எனக்கு அன்றைக்கு ஒரு டீ கூடுதலாக இறங்கியது.

ஓய்வு பெறுகிற சமயத்திலேயே அவர் உடம்பு சரிந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின, கன்னம் உள்ளே போயிற்று. ரயிலில் நின்றுகொண்டே போய், வெயிலில் நின்று, ஸ்டேஷன் பெஞ்சிலும் கோவில் மண்டபத்திலும் படுக்கிறவர்களைக் குனிந்து குனிந்து பார்த்துத் தேய்ந்த உடம்பு. பூந்தமல்லிப் பக்கம் ரோட்டோரம் ஒரு ஆள் படுத்திருக்கிறான் என்று யாராவது போன் செய்தால்கூட பஸ் ஏறிவிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். இந்த ஜூன் மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குக் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டும் என்று அம்மா தனியாக வந்தார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு எடுத்த படத்தைக் கொடுத்தார். அதில் சார் களைத்துப்போய்த் தெரிந்தார். நினைவு அட்டை வேலை எனக்குக் கை பழகினது. இறந்தவர்களைக் கொஞ்சம் தெளிச்சியாக்கித்தான் கொடுப்போம், எந்தக் குடும்பமும் அதைத்தான் கேட்கும். இந்த அம்மா கேட்காமலா இருக்கப்போகிறார் என்று, அவர் வாய் திறப்பதற்கு முன்பே பிரஷை எடுத்துக் கண்ணுக்குக் கீழே இருந்த பையில் வைத்துவிட்டேன். இடது பக்கம் பாதி மறைந்திருக்கும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம்மா. அது அவனத் தேடித் தேடி வந்தது. அத எடுத்துடாத."

எனக்கு அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். பக்கத்தில் பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அழவில்லை. நான் போட்டதையெல்லாம் நானே ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க, பைகள் பழையபடி வந்து நிற்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கோடும் தொடாமல் அந்த அட்டை அச்சாயிற்று. கீழே வசனமும் பெயரும் மட்டும்தான் என் வேலை.

ஆகஸ்ட் வந்தது. இந்த வருஷம் உறை வராது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு. ரப்பர் பேண்டை உருவிக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்த படத்தை எடுத்து வைத்தார். "இதுல அவருக்கு முப்பத்தொண்ணு. புள்ளைக்கும் இப்ப அதான."

வேளாங்கண்ணியில் எடுத்த படம். பின்னால் கடலும் கோபுரமும் வரைந்த திரை. முப்பத்தொரு வயசு ஷெட்டு சார், கையில் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய குழந்தை. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட மொட்டை. குழந்தை கேமராவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துத் திரும்பி, அவருடைய இடது கன்னத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தது.

"இந்த வாட்டி கன்னத்தப் பூச வாணாம்" என்றார் அம்மா. "அவரு மொதல்லருந்து சொன்ன மாறியே போடு. எளச்சி, தாடி வெச்சி, எப்பிடிக் கீறானோ அப்பிடியே. நான்தான் எடுத்துகினு போறேன்."

"நீங்களா? கூட்டத்துல நிக்க முடியுமாம்மா?"

"அவரு நின்னாரே."

ஸ்கேன் செய்து படத்தைப் பெரிதாக்கினேன். இத்தனை வருஷம் நாங்கள் சண்டை போட்ட கன்னம் எனக்கு வேண்டும். அந்தக் கன்னத்தின்மேல்தான் குழந்தையின் கை இருந்தது. கையை எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்புவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. பிரஷ் அதன்மேல் போய் நின்றது. காணாமல் போனவனுக்கு முகம் செய்ய அவனுடைய கையையே அழிக்க வேண்டியிருந்தது. என்னால் முடியவில்லை. அப்பாவின் வலது கன்னத்தை எடுத்து, இடம் வலமாகத் திருப்பி, அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். எலும்புக்குக் கீழே குழி விழவைத்தேன். கண்ணுக்குக் கீழே, அவனுடைய அப்பாவுக்கு எந்த இடத்தில் பை விழ ஆரம்பித்ததோ அதே இடத்தில், மெல்லிசாக ஒரு நிழல் விட்டேன். அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இழுப்பையும் பார்த்தார். ஒரு தடவைகூடக் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அட்டை சூடாக லேமினேஷனிலிருந்து வந்ததும் கயிறு கோத்துக் கொடுத்தேன். அம்மா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். அவர் குள்ளம், அட்டை வயிறுவரைக்கும் இறங்கித் தொங்கியது. கயிற்றைச் சுருக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன். பழைய படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்து நீட்டியபோது, எனக்கு அடுத்த வருஷத்து நினைப்பு வந்துவிட்டது. அவர் இல்லாமல் இனி எந்தச் சிநேகிதர் வீட்டு ஆல்பத்தில் போய் யார் தேடுவது? கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டேவிட்டேன். அடுத்த வருஷத்துக்குச் சாரோட படம் இருக்காம்மா?

அம்மா கையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி உறையில் போட்டார்.

"இனிமே நெறைய கீது கண்ணு. புள்ள பொறந்தப்புறம்தான நாங்க போட்டோவே எடுத்தோம். முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு, எல்லா வயசுக்கும் கீது. எல்லாத்துலயும் அவரு கையப் புடிச்சிகினு அவனும் கீறான்."